கதவு சாத்தும் அறை: புதுச்சேரியில் ஆலோசகர்களுக்கென நடக்கும் பணிப்பொருத்தத் திட்டம் ஒன்று

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஆலோசகர்களாக, ஊர்வழக்கில் சொன்னால் கவுன்சலர்களாக, வேலை பார்ப்பவர்களுக்கென்று இலாசுப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் மூன்று மாதக் கட்டணத் திட்டம் ஒன்று நடக்கிறது. நாம் வேலை பார்க்கும் இடம் நமக்குப் பொருந்துகிறதா, இல்லையென்றால் எது பொருந்தவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். கட்டணம் 9,500 ரூபாய். அதற்கு வினாத்தாள்கள், ஒன்றரை மணி நேரத் தனி நேர்காணல், எழுத்து வடிவில் ஓர் அறிக்கை, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என ஆறு குழு அமர்வுகள் ஆகியவை கிடைக்கின்றன. நான் ஆறு அமர்வுகளுக்கும் போய் வந்தவள். குறையாகச் சொல்ல வேண்டியவையும் இருப்பதால் நடத்துபவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நான் ஏன் பணம் கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று படிப்பவர்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலுக்கு வந்து எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். சம்பளம் குறைவு, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலை வேறு. ஆனாலும் மாலையில் பஸ் ஏறும்போது செய்த வேலையை நினைத்து நிறைவாக இருந்தது. பிறகு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சம்பளத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு மாறினேன். அங்கிருந்த மூன்று ஆண்டுகளில் தொழிலையே விட்டுவிடலாமா என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக்கிலும் இரண்டு நாள் ஒரு கல்லூரியிலும் வேலை பார்க்கிறேன். படிப்பும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை; சம்பளம் கூடியபோது நிறைவு ஏன் குறைந்தது என்பதற்கு நானே பல காரணங்களைச் சொல்லிப் பார்த்தும் எதுவும் சரியாக ஒட்டவில்லை.

அந்தப் பள்ளியில் எனக்குக் கொடுத்தது விளையாட்டுச் சாமான் அறையின் பாதி. சுருட்டி வைத்த கிரிக்கெட் மேட் நிலைப்படி வரை நீண்டிருந்ததால் கதவை முழுதாகச் சாத்த முடியாது. ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மூன்று நாள் வந்து வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போனாள். நான்காம் நாள், "மிஸ், வீட்ல..." என்று வாய் திறந்த நேரத்தில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பை எடுக்க பி.டி. சார் உள்ளே வந்தார். நல்ல மனிதர்; "சாரி மேடம், ஒரு நிமிஷம்" என்றுதான் சொன்னார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "தலைவலி மாத்திரை இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன் மிஸ்" என்றாள். மறுபடி அவள் வரவே இல்லை. அந்த மாத இறுதியில், யார் யார் எதற்காக என்னிடம் வந்தார்கள் என்று பெயரோடு எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்டது. நான் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தேன். ஒத்துழைப்புப் போதவில்லை என்று என் கோப்பில் எழுதினார்கள் எனப் பின்னால் தெரிந்துகொண்டேன். இவற்றையெல்லாம் எனக்கு அடிபணிந்து போகத் தெரியாத குணம் என்றுதான் நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடலூரிலிருந்து போகிறவர்கள் எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிட்டால், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பத்துப் பாலத்தில் நெரிசலில் நின்றாலும், பத்து மணி அமர்வுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பதினொன்றரைக்கு டீ வரும், ஒரு மணிக்கு அமர்வு முடியும், சாப்பாடு நம் பொறுப்பு.

முதல் வாரம் தரும் வினாத்தாள்கள் இரண்டு. ஒன்று, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1967-இல் வெளியான பணிநிறைவு வினாத்தாளின் 20 கேள்விகள் கொண்ட குறுவடிவம். மற்றது, பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய, உதவித் தொழில்களில் இருப்பவர்களுக்கான 30 கேள்விகள். இந்த இரண்டாவது, பிறருக்கு உதவுவதால் கிடைக்கும் நிறைவையும், வேலையால் உண்டாகும் சோர்வையும், பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு நமக்குள் படியும் பாதிப்பையும் தனித்தனியாக அளக்கிறது. இரண்டுமே பொதுவெளியில் இலவசமாகக் கிடைப்பவை. எனவே நாம் கட்டும் பணம் வினாத்தாளுக்கு அல்ல என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும், அதை நடத்துபவர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பச் செய்தது நல்ல யோசனை. முதல் தாளில் சம்பளம், மேலதிகாரி, சக ஊழியர்கள், பதவி உயர்வு எல்லாம் வருகின்றன. மனச்சாட்சிக்கு விரோதமில்லாத வேலையைச் செய்ய முடிகிறதா என்றும் ஒரு கேள்வி வருகிறது. பள்ளி வேலையை மனத்தில் வைத்து அந்தத் தாளை இன்னொரு முறை நிரப்பிப் பார்க்கச் சொன்னபோது, அந்த ஒரு கேள்வியில்தான் என் பேனா நின்றது. பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது எனக்குள் முறுக்கிக்கொண்டது குணக்கோளாறு இல்லை, வேலையிடத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்று அங்கேதான் முதலில் பட்டது.

தமிழாக்கம்தான் இந்தக் கட்டத்தின் பெரிய குறை. முதல் தாளில் மேலதிகாரியைப் பற்றி வரும் கேள்விகளில் "மேற்பார்வையாளர்" என்று போட்டிருந்தார்கள். மற்றத் தொழில்களில் அதனால் குழப்பம் வராது. எங்கள் தொழிலில் சூப்பர்விஷன் என்றால், நாங்கள் கையாளும் கேஸ்களை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் ரகசியம் காத்துச் சொல்லி, எங்கே தவறினோம், எங்கே நம் சொந்தக் கதை குறுக்கே வந்தது என்று பார்த்துக்கொள்வது. லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் வேறு ஆள். எங்கள் எட்டுப் பேரில் பாதிப் பேர் ஒருவரை நினைத்தும் மீதிப் பேர் மற்றவரை நினைத்தும் விடை எழுதியிருந்தோம்; சூப்பர்வைசர் என்று யாருமே இல்லாதவர்கள் நடுவில் உள்ள விடையைச் சுழித்துவிட்டிருந்தார்கள். இது மூன்றாவது அமர்வில் தற்செயலாகப் பேச்சில் வந்தபோதுதான் வெளிப்பட்டது. அந்த மதிப்பெண்களைக் கொண்டு வரைந்த வரைபடம் அதற்குள் அறிக்கையில் அச்சாகியிருந்தது. இன்னொரு சிக்கல், வாரத்தை இரண்டு மூன்று இடங்களுக்குப் பங்குபோட்டு வேலை பார்ப்பவர்கள் எந்த இடத்தை நினைத்து எழுதுவது என்பது. இந்தப் பக்கத்தில் கவுன்சலர்களுக்கு முழுநேர வேலை அரிது என்று தெரிந்தவர்களே இதை யோசிக்காமல் விட்டது வியப்புத்தான்.

அறிக்கை வாக்களித்த நாளுக்கு மூன்று வாரம் பிந்தி வந்தது. மொத்தம் பதினான்கு பக்கம். பக்கத்து நாற்காலிக்காரருடையதோடு ஒப்பிட்டபோது ஒன்பது பக்கம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் தற்போதைய வேலையோடு எனக்குள்ள பொருத்தம் 72 சதவீதம் என்று ஓர் எண். எந்த இடத்தோடு, எதை எதோடு கூட்டி அந்த எண் வந்தது என்று கேட்டேன். தெளிவான பதில் இல்லை. வீட்டில் அம்மா அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "உங்க கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தப்ப அய்யரு அரைப் பக்கந்தான் எழுதிக் கொடுத்தாரு" என்றார். அந்த அரைப் பக்கத்திலாவது எந்தப் பொருத்தம் உண்டு, எது இல்லை என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. அறிக்கைக்காக மட்டும் யாரும் இதில் சேர வேண்டியதில்லை.

தனி நேர்காணலும் குழு அமர்வுகளும் வேறு தரம். நடத்தும் அம்மையார் ஓய்வுபெற்ற சமூகப்பணி ஆசிரியர். எல்லாரும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவோம். பாடமாக அவர் எடுத்தது இரண்டாவது அமர்வு மட்டுமே. அதில் அவர் கொண்டுவந்தது கிறிஸ்டாஃப்-பிரவுன், சிம்மர்மன், ஜான்சன் ஆகியோர் 172 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை. ஆளுக்கும் அவர் செய்யும் வேலைக்கும் உள்ள பொருத்தம் ஒன்று, ஆளுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருத்தம் மற்றொன்று என்று அது பிரித்துப் பார்க்கிறது. குழுவோடும் மேலதிகாரியோடும் உள்ள பொருத்தங்களையும் தனியே பார்க்கிறது. பணிநிறைவோடு வேலைப் பொருத்தத்துக்கு உள்ள ஒட்டுறவு (ஒன்றை நெருங்க நெருங்க உறவு வலுவானது என்று பொருள்) 0.56, நிறுவனப் பொருத்தத்துக்கு 0.44. நிறுவனத்தின் மீதான பற்றில் வரிசை மாறி, நிறுவனப் பொருத்தம் 0.51 ஆகவும் வேலைப் பொருத்தம் 0.47 ஆகவும் இருக்கின்றன. அதாவது செய்யும் வேலை பிடித்திருந்தால் நிறைவு கிடைக்கும். இடத்தோடு ஒத்துப்போனால் அந்த இடத்தின் மேல் ஒட்டுதல் வரும். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "உங்க விஷயத்துல இது சரியா வருதான்னு நீங்களே சொல்லுங்க" என்று மேடம் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சரியாக வரவில்லை. பொதுவான ஊழியர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தலாம். ஆலோசகரின் வேலையை இடத்திலிருந்து பிரிக்க முடியாது. கணக்கருக்கு நிர்வாகத்தைப் பிடிக்காவிட்டாலும் கணக்கு கணக்காகவே இருக்கும். நான் ரகசியம் காப்பேன் என்ற நம்பிக்கையில்தான் எதிரே இருப்பவர் வாய் திறக்கிறார். அந்த ரகசியத்தைக் காப்பது என் வாய் மட்டுமில்லை, அறையின் கதவு, பதிவேட்டின் பூட்டு, அதைக் கேட்காமல் இருக்கும் நிர்வாகம் எல்லாம் சேர்ந்துதான். இடம் அதைத் தராவிட்டால் வேலையே நடப்பதில்லை, பிறகு வேலைப் பொருத்தம் எங்கிருந்து வரும்? நம்பிக்கை மையத்தில் சம்பளம் குறைவாக இருந்தும் எனக்கு நிறைவாக இருந்ததன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. அங்கே என் வேலை எது, எது இல்லை என்பது எழுத்தில் இருந்தது. வருபவரின் பெயரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த விஷயம். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கு எதிரான பாதுகாப்பை 2017-ஆம் ஆண்டின் சட்டம் பின்னால் உறுதியும் செய்தது. பள்ளியில் அந்த வேலியை நான் ஒருத்தியாக நின்று போட வேண்டியிருந்தது.

இதை நான் சொன்னதும் மேடம் மறுத்து ஒரு கதை சொன்னார். எல்லாக் குழுவிலும் அவர் சொல்லும் கதை என்பதால் இங்கே எழுதுவதில் தவறில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் சில மாதம் அவர் வேலை பார்த்திருக்கிறார். கவுன்சிலிங் என்ற சொல்லையே கடலூரில் பலர் அப்போதுதான் முதலில் கேட்டார்கள். அறை கிடையாது, கதவு கிடையாது. மணலில், கவிழ்த்துப் போட்ட கட்டுமர நிழலில், நாலு பேர் காதில் விழத்தான் பேச்சு. தன் பணிக்காலத்தில் மிக நிறைவான மாதங்கள் அவைதான் என்றார். எனக்கு அது இடித்தது. ஏன் என்று கேட்டபோது, அவர்கள் குழுவில் இருந்த ஆறு பேரும் தினமும் இருட்டியபின் ஒன்றாக உட்கார்ந்து அன்று கேட்டதைச் சொல்லிக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்பதையும், வேறு எந்த வேலையையும் யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். கதவைப் பற்றிய என் வாதத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை. ஆனால் அந்த மாலைநேர உட்காரலுக்கு அதில் நான் இடமே வைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொடுத்த காசுக்கு அதிகமாகவே கிடைத்தது நான்காவது அமர்வில். ஒரு வாரத்தை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்த தாள் ஒன்றும் மூன்று வண்ணப் பென்சில்களும் தருகிறார்கள். மாணவரிடமோ, நோயாளியிடமோ, அவர்களுக்காகப் பெற்றோரிடமோ பேசிய நேரத்துக்குப் பச்சை. குறிப்பு எழுதுவதற்கும் பதிவேட்டுக்கும் மஞ்சள். மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்பு. பழைய டைரியை வைத்துப் பள்ளியின் ஒரு வாரத்தை நிரப்பினேன். நாற்பத்து நான்கு மணி நேரம், 88 கட்டம். பச்சை 19, மஞ்சள் 7, சிவப்பு 62. சப்ஸ்டிட்யூஷன் பீரியடுகள், தாமதமாக வருபவர்களைக் கேட்டில் நின்று எழுதுவது, ஆண்டு விழா நடன ஒத்திகைக்குக் காவல், அட்மிஷன் விசாரித்துவிட்டுப் போனவர்களுக்குப் போன் என்று சிவப்புப் பென்சில் பாதி தேய்ந்துபோனது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்றும், நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான நேரடி, மறைமுகப் பணிக்கு என்றும் பரிந்துரைப்பதை மேடம் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். எங்கள் பள்ளியில் 1,400 பேருக்கு நான் ஒருத்தி. அந்த அளவுகோல் இங்கே இப்போதைக்கு நடக்காது. ஆனால் தாளைத் தூக்கிப் பிடித்தபோது, மூன்று ஆண்டாக எனக்குத் தொழில் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்திருந்தது தவறு, நான் தொழிலைச் செய்யவே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்படி சிவப்பாக இருந்தது. நம்பிக்கை மையத்தின் வாரத்தையும் நினைவிலிருந்து போட்டேன், பச்சையும் மஞ்சளும்தான். நினைவு எப்போதும் பழைய வேலையை அழகாக்கிக் காட்டும் என்பதால் அந்தத் தாளை நான் முழுக்க நம்பவில்லை.

அடுத்த அமர்வில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பார்க்கிறார்கள். ரெனே டாவிஸ், லாயிட் லாஃப்குவிஸ்ட் இருவரும் 1960-களில் மின்னசோட்டாவில் வகுத்த பணி இசைவுக் கோட்பாடு இங்கே கைகொடுக்கிறது. பொருத்தமின்மையை ஒருவர் எவ்வளவு தூரம் சகிப்பார், சகிக்க முடியாதபோது இடத்தை மாற்ற முயல்வாரா அல்லது தன்னை மாற்றிக்கொள்வாரா, அப்படி எவ்வளவு காலம் முயன்றபின் கிளம்புவார் என்று அது கேட்கிறது. எங்களில் பெரும்பாலோர் தன்னை மாற்றிக்கொள்ளும் வகை. மற்றவர் சொல்வதைக் கேட்டு ஏற்பதே தொழிலாக இருப்பவர்கள் தமக்காக வாய் திறப்பதில்லை என்று மேடம் சொன்னதில் உண்மை இருக்கிறது. கல்லூரி முதல்வரிடம் நான் போய்க் கேட்க வேண்டியதை அங்கேயே பேசிப் பழகச் செய்தார். அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், ஆலோசனை நேரத்தில் தேர்வறைக் கண்காணிப்பு போடக் கூடாது என்று இரண்டு கேட்டேன். மூன்று வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. கண்காணிப்புக்கு, "அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம் மேடம்" என்று பதில்.

குழுவில் மற்றவர்கள் சொன்னவற்றை எழுதப் போவதில்லை; வெளியே கொண்டுபோவதில்லை என்பது முதல் நாளே நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். விடுபட்டவற்றைச் சொல்லலாம். ஒப்பந்த வேலை, ஊதியம் இரண்டையும் திட்டம் தொட்டும் தொடாமலும் போய்விடுகிறது. துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சில வகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவு, தகுதி ஆகியவை நம் வேலையிடத்தில் எதை மாற்றும் என்று ஒரு மணி நேரமாவது பேசியிருக்கலாம். ஆண்டுதோறும் வேலை நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய் இடத்தை மாற்றக் கேளுங்கள் என்று சொல்வது எளிது. அவர் கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்து மூன்று நான்கு ஆண்டாவது ஆனவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். படித்து முடித்தவுடன் சேர்பவர்களுக்கு வாரத்தாளில் நிரப்ப ஒன்றும் இருக்காது. அவர்கள் அந்தப் பணத்தை ஒரு நல்ல சூப்பர்வைசரிடம் நாலு அமர்வுக்குக் கொடுப்பது மேல். சனிக்கிழமை வேலை நாளாக உள்ள பள்ளிக் கவுன்சலர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழு இல்லை என்பது பெரிய இழப்பு. சேருகிறவர்கள் பழைய டைரியோ, வருகைப் பதிவின் நகலோ இருந்தால் கையோடு எடுத்துப் போகவும். கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கேட்கிறார்கள்; பாதியை இப்போதும் மீதியை அறிக்கை கைக்கு வந்தபிறகும் கட்டுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது.